ஒழுகுவது ஓரிடம், ஓட்டை வேறிடம்

டிராக்டர் கேள்வி - பதில்

வயலில் ஓடும்போது ஆயில் ஒழுகினால் மண் குடித்துவிடும், யாருக்கும் தெரியாது. உழவு முடிந்து வண்டி கொட்டகையில் நிற்கத் தொடங்கிய பிறகுதான் தரையில் கறை தெரியும், கடிதங்களும் வரும். இந்த முறை வந்தவை பெரும்பாலும் பழைய டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயில் ஒழுகல் பற்றியே. அதனால் பேட்டரி, டயர், டைனமோ கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது அப்பா காலத்து டிராக்டர். பின்னால் பி.டி.ஓ. ஷாப்ட்டுக்கு (எஞ்சின் சுழற்சியைக் கருவிகளுக்குக் கொடுக்கிற தண்டு) அடியில் ஆயில் சொட்டுகிறது. ஷாப்ட்டைச் சுற்றி ஆயிலை அடைக்கிற ரப்பர் வளையம், அந்த ஆயில் சீலை மாற்றினோம், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி ஒழுகியது. இன்னொரு சீல் போட்டும் அதே கதை. சீல் மட்டமானதா, போட்டவருக்கு வேலை தெரியவில்லையா?

பதில்: இரண்டு பேரையும் திட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள் தம்பி. அது சீல் வழியாகத்தான் ஒழுகுகிறதா என்று பார்த்தீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த ஒரு வரி இல்லை.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் கியர் பெட்டி, டிபரன்ஷியல், ஹைட்ராலிக் எல்லாம் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. 1946-இல் வந்த பெர்குசன் டி.இ.20 தொடங்கி 1960-களின் மாஸி பெர்குசன் 135 வரை, பம்ப்பே பின்கூட்டுக்குள் ஆயிலில் மூழ்கித்தான் கிடக்கும். அந்தக் கூட்டின் தலையில், கலப்பையைத் தூக்குகிற லிப்ட்டின் டாப் கவர். கவரின் இரண்டு பக்கமும் லிப்ட் கைகளைத் தாங்குகிற குறுக்கு ஷாப்ட் வெளியே வருகிறது, அங்கே பக்கத்துக்கு ஒரு சீல். கன்ட்ரோல் லீவர் வெளியே வரும் இடத்தில் ஓ-ரிங் என்கிற உருண்டை ரப்பர் வளையம். கவருக்கும் கூட்டுக்கும் நடுவில் பேக்கிங். இவற்றில் எது கசிந்தாலும் ஆயில் பின்சுவரில் வழிந்து, துருத்திக்கொண்டிருக்கிற பி.டி.ஓ. மூடிக்கு வந்து சேர்ந்து அங்கிருந்துதான் சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்துச் சீல் வாங்குவது, கூரையில் ஓடு உடைந்திருக்கத் தரையைப் பூசுகிற வேலை.

அதனால் முதல் வேலை கழுவுவது. பட்டறைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கும். "கழுவவா இங்கே கொண்டுவந்தேன்?" என்பார்கள். ஆனால் பல வருஷத்து ஆயிலும் மண்ணும் கெட்டியாகிப் பிடித்த பாளத்துக்கு அடியில் எது புது ஒழுகல், எது பழைய கறை என்று பிரம்மாவுக்கும் தெரியாது. தட்டையான இரும்பால் பாளத்தைச் சுரண்டி எடுங்கள். டீசலும் பிரஷும் போட்டுத் தேயுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல வெயில். பிரஷர் வாட்டர் வைத்து அடிப்பதானால் சீலின் வாய்க்கும் கூட்டின் மூச்சுத்துளையான பிரீதருக்கும் நேரே அடிக்காதீர்கள், தண்ணீர் உள்ளே போகும்.

நன்றாகக் காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரையோ சாக்பீஸ் தூளையோ பின்பக்கம் முழுக்கத் தூவுங்கள். டாப் கவர் விளிம்பு, குறுக்கு ஷாப்ட்டின் இரண்டு முனை, லீவர் அடி, பி.டி.ஓ. மூடி, பைப் மூட்டுகள் எதையும் விடாதீர்கள். வண்டியை ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், சின்ன இடைவெளியில் நுழையாது. சூடானால்தான் அது தன் வழியைக் காட்டும். கலப்பையையோ வேறு பாரத்தையோ மாட்டிப் பலமுறை ஏற்றி இறக்குங்கள். பிறகு பாரத்தைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு பளிச்சென்று தெரியும். கோட்டின் கீழ்முனையைப் பார்க்காதீர்கள், மேல்முனைக்குப் போங்கள். ஒழுகல் அங்கேதான்.

சரி, பார்த்தீர்கள், சீலேதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் புது சீல் வாங்க ஓட வேண்டாம். பிரீதரைப் பாருங்கள். கூட்டுக்குள் ஆயில் சூடானால் காற்று விரியும். அது வெளியேற ஒரு சின்ன மூச்சுத்துளை வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் டாப் கவர் மேலே தனி மூடியாக இருக்கும், சிலவற்றில் ஆயில் ஊற்றும் மூடியிலேயே இருக்கும். அது அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் எது இளைத்த சீலோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். பின்பக்க சீல்களை எல்லாம் மாற்றியும் ஒழுகல் நிற்காமல் என்னிடம் வந்த ஒரு வண்டியில், பிரீதர் மூடியைக் கழற்றினால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஊசியால் குத்தி, டீசலில் கழுவி மாட்டினேன். ஒழுகல் நின்றது. வண்டிக்காரர் வாங்கி வைத்திருந்த அடுத்த சீல் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. சோதிக்க எளிய வழி: வண்டி நன்றாகச் சூடானபின் ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கையோ ஊற்றும் மூடியையோ மெதுவாகத் தளர்த்துங்கள். 'புஸ்' என்று காற்று வந்தால் பிரீதர் அடைத்திருக்கிறது.

அடுத்து, ஆயில் அளவு. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், லிப்ட் கைகள் கீழே இறங்கியிருக்க வேண்டும். இதே ஆயிலில் வேலை செய்கிற டிப்பர் டிரெய்லர் இருந்தால் அதன் தொட்டியும் இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் அளவு பார்க்கலாம். தொட்டி தூக்கியிருக்கும்போது சிலிண்டருக்குள் லிட்டர் கணக்கில் ஆயில் இருக்கும். அந்த நேரத்தில் டிப் ஸ்டிக் பார்த்து, "குறைகிறதே" என்று ஊற்றினால், தொட்டி இறங்கியதும் அத்தனையும் கூட்டுக்குத் திரும்பி வழியும். ஒழுகுகிறது என்று ஊற்றுவார்கள், ஊற்றியதால் ஒழுகும்.

இரண்டும் சரியாக இருந்தால் சீலுக்கு வாருங்கள். "கொஞ்ச நாள் நன்றாக இருந்தது" என்கிறீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். ஷாப்ட்டில் சீலின் உதடு உட்காருகிற வட்டத்தை நன்றாகத் துடைத்து, நகத்தால் நெடுக்கில் கீறிப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டினால் அதுதான் காரணம். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் தேய்த்த ரப்பரும் அதில் ஒட்டிய மண்ணும் இரும்பையே அறுத்துவிடும். புது சீல் கொஞ்ச நாள் இறுக்கிப் பிடிக்கும், பிறகு அதே பள்ளத்தில் விழும். சீலை 2 மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரவைக்க இடம் இருந்தால் உதடு புது இடத்தில் படியும். இடமில்லையென்றால் ஷாப்ட் மேலே ஏற்றுகிற மெல்லிய எஃகு ஸ்லீவ் கிடைக்கிறது, அதைப் போடலாம். எமரி பேப்பர் போட்டுப் பள்ளத்தைத் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், ஷாப்ட் இன்னும் இளைக்கும்.

ஷாப்ட்டை ஒரு கட்டையால் நெம்பி மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. ஆடுகிற ஷாப்ட்டை எந்தச் சீலாலும் அடைக்க முடியாது.

பொருத்தும்போது மூன்று விஷயம். சின்ன ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும், காய்ந்த உதடு முதல் சுற்றிலேயே கருகும். மூன்றாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பி.டி.ஓ. ஷாப்ட் முனையில் இருக்கிற பற்கள் கத்தி மாதிரி. அவற்றின் மேல் சீலை அப்படியே தள்ளினால் உதட்டில் கண்ணுக்குத் தெரியாத வெட்டு விழும். பல்லின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஆயில் தடவி, அதன் மேல் சீலை வழுக்கிக்கொண்டு போங்கள். பிறகு தாளை உருவிவிடலாம். சீலைத் தட்டி இறக்கும்போதும் ஒரு பக்கமாகச் சுத்தியலால் அடிக்காமல், அதே சுற்றளவுள்ள குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஹோஸ் எங்கே ஒழுகுகிறது என்று, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கையால் தடவித் தடவிப் பார்க்கிறார். சொன்னால் கேட்பதில்லை. "ஆயில்தானே, கொதிநீரா?" என்கிறார். நீங்கள் எழுதினால் கேட்பார்.

பதில்: அம்மா, இந்தப் பக்கத்தைக் கிழித்து ஸ்டியரிங்கில் ஒட்டுங்கள்.

ஐயா, பழைய டிராக்டர்கள் பலவற்றிலும் லிப்ட் முழு பாரம் தூக்கும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டைத் தொடும், தாண்டவும் செய்யும். சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ. ஹோஸில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால் அதிலிருந்து வருகிற பீச்சு சில நேரம் கண்ணுக்கே தெரியாது. விரலை அதன் குறுக்கே கொண்டுபோனால் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறை போட்டிருந்தாலும் தடுக்காது. முதலில் முள் குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், பெரிதாக வலிக்கவும் செய்யாது. அதுதான் மோசம். அலட்சியமாக விட்டால் சில மணி நேரத்தில் வீங்கி, உள்ளே சதை அழுகத் தொடங்கும். விரலை, சில பேருக்குக் கையையே எடுக்க வேண்டி வரும். அப்படிக் குத்தியது என்று சந்தேகம் வந்தாலே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். "முள் குத்தியது" என்று சொல்லாமல், "அழுத்தத்தில் இருந்த ஆயில் தோலுக்குள் போயிருக்கிறது" என்று டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்ல வேண்டும்.

தேட வேண்டுமானால் தள்ளி நின்று, நீளமான குச்சியில் அட்டைத் துண்டைக் கட்டி, ஹோஸ் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். அட்டையில் ஈரப்பொட்டு விழுகிற இடம்தான் துளை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எந்த மூட்டையும் கழற்றுவதற்கு முன்னால் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, கன்ட்ரோல் லீவர்களை எல்லாப் பக்கமும் தள்ளி உள்ளே தேங்கிய அழுத்தத்தை இறக்குங்கள். எஞ்சின் நின்றுவிட்டதாலேயே ஹோஸில் அழுத்தம் இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: டிப்பர் டிரெய்லர் ஹோஸ் வெடித்துப் புதிது போட்டேன். மூட்டில் ஒழுகுகிறது. டெப்லான் டேப் சுற்றினேன், பெரிய ஸ்பேனர் போட்டு முழு பலத்தோடு இறுக்கினேன். இன்னும் அதிகமாக ஒழுகுகிறது.

பதில்: இறுக்க இறுக்க ஒழுகுகிறது என்றால் இரண்டு முனையும் ஒரே ஜாதி இல்லை.

தண்ணீர்க் குழாயில் திரெட் என்கிற புரிதான் அடைக்கும், அதனால் அங்கே டேப் வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸின் நட்டு வைத்த முனைகளில் பெரும்பாலும் திரெட் அடைப்பதில்லை. அது இரண்டு முகங்களை இழுத்துப் பிடிக்க மட்டும்தான். அடைப்பது உள்ளே இருக்கிற கூம்பு. அந்தக் கூம்பில் பல ரகம்: ஜே.ஐ.சி. என்றால் 37 டிகிரி, பி.எஸ்.பி. என்றால் 60 டிகிரி கூம்பு, இன்னும் சில. ஒரு ரகக் கூம்பில் இன்னொரு ரகம் உட்கார்ந்தால் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். இறுக்கினால் அந்தக் கோடு நசுங்கும், ஒழுகும்.

திரெட்டும் ஏமாற்றும். அரை அங்குல பி.எஸ்.பி., இன்னொரு திரெட் ரகமான அரை அங்குல என்.பி.டி. இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரி. ஆனால் பி.எஸ்.பி. புரியின் கோணம் 55 டிகிரி, என்.பி.டி.க்கு 60. கையால் திருகினால் முதல் சில சுற்று சமர்த்தாகப் போகும். "சேர்ந்துவிட்டது" என்று தோன்றும். அப்புறம் பிடித்துக்கொள்ளும். அங்கே நீங்கள் முழு பலத்தைக் காட்டினால், வார்ப்பு இரும்பில் இருக்கிற வாய் விரிந்து வெடித்துவிடும். ஹோஸ் செலவு வால்வு பாடி செலவாகிவிடும். அதனால் இப்போதே கழற்றி, வாய் வெடித்திருக்கிறதா என்று விளக்கில் பாருங்கள். பழைய ஹோஸின் முனையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதே மாதிரி முனை அடித்த ஹோஸ் கேளுங்கள். வாயால் "அரை இஞ்ச்" என்று மட்டும் சொல்லி வாங்கக் கூடாது.

டெப்லான் டேப்பைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். கூம்பு மூட்டில் அதற்கு வேலையே இல்லை. பிய்ந்த துணுக்கு ஆயிலோடு போய் கன்ட்ரோல் வால்வில் மாட்டினால் லிப்ட் தூக்காது, அல்லது இறங்காது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒழுகலைக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய பாடு.

ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஆர்1 என்றால் உள்ளே ஒரு அடுக்குக் கம்பிப் பின்னல், ஆர்2 என்றால் இரண்டு. பழையதில் ஆர்2 இருந்தால் ஆர்1 போடக் கூடாது. மாட்டியபின் அந்த அச்செழுத்து வரி ஹோஸில் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். எழுத்து கொடி மாதிரிச் சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் போய்விடும். நட்டை இறுக்கும்போது எதிர்ப்பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டால் முறுக்கு ஏறாது. அளவு எடுத்து இழுத்துக் கட்டாதீர்கள். அழுத்தம் ஏறினால் ஹோஸ் நீளத்தில் கொஞ்சம் சுருங்கவும் கூடும், தளர்வு வேண்டும். வெடித்த ஹோஸ் வழியாகப் போன மண் உள்ளே இருக்கும். புது ஹோஸை டிராக்டரோடு இணைக்கிற கப்ளரில் மாட்டுவதற்கு முன்னால் இரண்டு வாயையும் துணியால் துடையுங்கள். கப்ளருக்கு ஒரு ரப்பர் மூடி கொடுத்திருப்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் அது முதல் வருஷமே காணாமல் போயிருக்கும்.

கேள்வி: வெளியே ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை. ஆனால் கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்தால் சில நிமிஷத்தில் தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. ஆயில் மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இதுவும் ஒழுகல்தான், உள்ளுக்குள் ஒழுகல். தூக்கிய பாரம் சிலிண்டரில் அடைபட்ட ஆயிலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆயில் எங்கேயோ வழி கண்டு மறுபடி கூட்டுக்குள் வடிகிறது. ராத்திரி தூக்கி வைத்த கலப்பை காலையில் இறங்கிக் கிடந்தால் பழைய வண்டிக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிமிஷக் கணக்கில் இறங்கினாலும், எஞ்சின் ஓடும்போது கைகள் விட்டு விட்டு எகிறினாலும் பார்த்தே ஆக வேண்டும். எகிறுவது ஏனென்றால் வடிகிறதைப் பம்ப் மறுபடி மறுபடி நிரப்பிக்கொண்டிருக்கிறது.

வழிகள் நாலைந்துதான். சிலிண்டர் பிஸ்டனின் ரிங் அல்லது ஓ-ரிங், கன்ட்ரோல் வால்வு, சேப்டி வால்வு, வெளி டிரெய்லருக்குப் போகிற இணைப்பு. சில மாடல்களில் பம்ப்பிலிருந்து டாப் கவருக்கு ஏறுகிற நிலைக்குழாயின் இரண்டு முனை ஓ-ரிங்கும் சேரும். பக்கவாட்டில் கழற்றுகிற மூடி இருக்கிற வண்டியானால் டாப் கவரைத் தூக்குவதற்கு முன்னால் அதைத் திறந்து பாருங்கள். ஆயிலை அந்த மூடிக்குக் கீழே வடித்துக்கொண்டு, பாரத்தைத் தூக்கிய நிலையில் எஞ்சினை நிறுத்தி, டார்ச் அடித்தால் சொட்டு எங்கிருந்து விழுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். சிலிண்டர் வாயிலிருந்து விழுந்தால் பிஸ்டன். பம்ப் பக்கமிருந்து விழுந்தால் வால்வு. கையை உள்ளே விடாதீர்கள், தூக்கிய பாரத்துக்கு அடியில் யாரும் போகக் கூடாது. இறங்குகிற லிப்ட் என்று தெரிந்தே அதன் கீழே படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிஸ்டன்தான் என்று முடிவானால் டாப் கவரைக் கழற்றத்தான் வேண்டும். அது கனமானது, செயின் பிளாக் இல்லாமல் தூக்க நினைக்க வேண்டாம். பிஸ்டனில் ஓ-ரிங்கோடு ஒரு பட்டை ரிங்கும் இருக்கலாம். பழைய வண்டிகளில் அது தோலால் செய்தது. ஓ-ரிங்கை அழுத்தம் பிதுக்கித் தள்ளாமல் காப்பது அதன் வேலை. அதனால் அது அழுத்தம் வருகிற பக்கத்தில் இல்லாமல் மறுபக்கத்தில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஓ-ரிங் சீக்கிரமே கடிபட்டு வெளியே வரும். தோல் ரிங்கை ஆயிலில் நன்றாக ஊறவைத்துப் போடுங்கள். சிலிண்டர் உள்சுவரில் விரலைவிட்டுத் தடவுங்கள். கோடு விழுந்திருந்தால் புது ரிங் போட்டுப் பயனில்லை.

கவரை மூடும்போது சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்பாதீர்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடுவீர்கள். உள்ளே பிதுங்கியது பிய்ந்து சல்லடை பில்டரில் போய் ஒட்டும். பேப்பர் பேக்கிங், அதில் மெல்லிய பூச்சு, அது போதும். கவர் போல்ட்டுகளில் சில, ஆயில் இருக்கிற உள்ளறை வரை துளைத்துப் போகும். பேக்கிங் எவ்வளவு நல்லதானாலும் அவற்றின் திரெட் வழியாக ஆயில் ஏறி வந்து தலையில் கசியும். அந்த போல்ட்டுகளுக்கு மட்டும் திரெட்டில் சீலன்ட் தடவுங்கள்.

கேள்வி: கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு துளை, அதில் ஒரு காட்டர் பின் தொங்குகிறது. அதன் வழியாக ஆயில் சொட்டுகிறது. போல்ட் போட்டு அடைத்துவிடலாமா?

பதில்: அடைத்தால் கிளட்ச் தட்டு ஆயிலில் குளிக்கும். அந்தத் துளையை வைத்ததே, உள்ளே ஒழுகினால் வெளியே காட்டத்தான். பின் ஆடிக்கொண்டே இருந்து துளை மண்ணால் அடையாமல் பார்த்துக்கொள்ளும்.

கீழே ஒரு வெள்ளைத் தட்டு வையுங்கள். டீசல் வண்டியின் எஞ்சின் ஆயில் கருப்பாக இருக்கும், சொட்டு கருப்பானால் எஞ்சினின் பின்சீல். தேன் நிறமாகவோ கலங்கலாகவோ இருந்தால் கியர் பெட்டிப் பக்கத்து ஷாப்ட் சீல். இரண்டுக்குமே வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு முன்னால், முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஊசலாடுகிறது என்பதை மறக்காதீர்கள். அதன் இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடித்து இறுக்காவிட்டால், பிரித்த அடுத்த கணம் எஞ்சின் பக்கவாட்டில் சாயும். அனுபவமுள்ள ஆள் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம். மாதம் சில சொட்டுதான், கிளட்ச் வழுக்கவில்லை என்றால் கிளட்ச் மாற்றுகிற நாள் வரை பொறுத்திருந்து, இரண்டையும் ஒன்றாக முடியுங்கள்.

கேள்வி: ஒழுகலை நிறுத்தும் திரவம் என்று ஆயிலில் கலக்கப் பாட்டிலில் விற்கிறார்களே?

பதில்: அவற்றில் பல ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும். காய்ந்து சுருங்கிய சீல் சில நாள் அடைக்கலாம். வெட்டுப்பட்ட சீலுக்கும் பள்ளம் விழுந்த ஷாப்ட்டுக்கும் அது ஒன்றும் செய்யாது. பின்கூட்டில் பிரேக்கும் அதே ஆயிலில் ஓடுகிற வண்டியானால் கலக்கவே வேண்டாம்.

கேள்வி: ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கிறது. அதோடு சீல்களும் கசிகின்றன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் கலந்த ஆயில் ஷாப்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும், துரு சீலின் உதட்டை அரம் போல அராவும். சந்தேகமிருந்தால் காய்ந்த இரும்புத் தகட்டைச் சூடாக்கி ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நுழைகிறது என்பதுதான் விஷயம். கியர் லீவரின் அடியில் இருக்கிற ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா பாருங்கள். மழையில் வெளியே நிற்கிற வண்டிக்கு முதல் வாசல் அதுதான். டிப் ஸ்டிக் மூடி, பிரீதர் மூடி அடுத்தது. ஆழமான சேற்றில் ஓட்டினால் ஆக்சில் சீல் வழியாகவும் வரும். நுழைவழியை அடைத்தபின், வண்டியைச் சில நாள் ஓட்டாமல் வைத்திருந்து, டிரெயின் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அடியில் தேங்கிய தண்ணீர் முதலில் வரும். ஆனால் வெளுத்த ஆயிலை முழுக்க வடித்து, சல்லடையைக் கழுவி, புதிது ஊற்றத்தான் வேண்டும். எந்த ஆயில் என்று பக்கத்து வண்டிக்காரரைக் கேட்காமல் உங்கள் வண்டிக் கையேட்டில் பாருங்கள். வடித்ததை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள்.

கேள்வி: சின்ன ஒழுகல்தான், விநாடிக்கு ஒரு சொட்டு. சீசன் முடியும்வரை ஊற்றி ஊற்றி ஓட்டலாமா?

பதில்: விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு முழு நாளில் ஏறத்தாழ 4 லிட்டர். அது சின்ன ஒழுகலா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அந்த ஆயில் பின்சக்கரப் பக்கம் வருகிறதென்றால், டிரம் பிரேக் உள்ள வண்டியில் ஆக்சில் சீல் ஒழுகி பிரேக் ஷூ நனைகிறது. ஒரு பக்க பிரேக் பிடிக்காமல் வண்டி மறுபக்கம் இழுக்கும். அப்படியானால் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. ஆயில் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடுவதும் வேண்டாம், சூடானால் உள்ளே ஊறினது மறுபடி வெளியே வரும். புது ஷூ போடுங்கள்.

கேள்வி: லிப்ட் தூக்கும்போது பம்ப் ஊளையிடுகிறது, டிப் ஸ்டிக்கில் நுரை தெரிகிறது. ஒழுகல் எங்கும் இல்லை. எங்களுடையது எஞ்சின் பக்கத்தில் பம்ப் இருக்கிற வண்டி.

பதில்: ஆயில் வெளியே வரவில்லை, காற்று உள்ளே போகிறது. பம்ப்புக்கு ஆயில் கொண்டுவருகிற உறிஞ்சு குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே கிளிப் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ சொட்டு விழாது, காற்றை இழுக்கும். முதலில் ஆயில் அளவும் சல்லடை பில்டரும் பாருங்கள், அவற்றாலும் இதே சத்தம் வரும். அவை சரியென்றால் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, உறிஞ்சு குழாய் மூட்டுகளில் ஒவ்வொன்றாகக் கெட்டி கிரீஸைப் பூசுங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் கையையும் துண்டையும் கொண்டுபோகாமல் செய்யுங்கள். எந்த மூட்டில் பூசியதும் ஊளை அடங்குகிறதோ அதுதான். இந்தக் குழாய்க்கு மட்டும் ரப்பர் ஹோஸும் கிளிப்பும் போடலாம், ஆயில் தாங்கும் ரகமாக, உறிஞ்சினால் ஒடுங்காததாக இருக்க வேண்டும். அழுத்தக் குழாயில் கிளிப் போட்டு ஒட்டுவேலை செய்யவே கூடாது.

கேள்வி: பழைய ஓ-ரிங் நைந்து போயிருக்கிறது, அளவு தெரியவில்லை. பிரேக் சிலிண்டர் கிட்டில் அதே மாதிரி ரப்பர் ஒன்று இருக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. கிளைக்கால் (glycol) வகை பிரேக் திரவத்துக்கான ரப்பர் பெரும்பாலும் வேறு சரக்கு. மினரல் ஆயிலில் அது ஊறி உப்பிக் கூழாகிவிடும். ஹைட்ராலிக் ஆயிலுக்கு நைட்ரைல் ரப்பர் கேளுங்கள்.

நைந்த ரிங்கை அளக்காதீர்கள், அது நசுங்கித் தட்டையாகியிருக்கும், நீண்டும் இருக்கும். அது உட்காருகிற பள்ளத்தை அளங்கள்: பள்ளத்தின் அகலம், ஆழம், பள்ளத்தின் அடியில் விட்டம். வெர்னியர் இருந்தால் நல்லது. ரிங்கின் கனம் பள்ளத்தின் ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், அந்தக் கூடுதல் நசுங்குவதால்தான் அடைக்கும். பள்ளத்தின் அகலம் ரிங்கின் கனத்தைவிடத் தாராளமாக இருக்கும், அதைப் பார்த்துத் தடித்த ரிங்கைத் திணிக்காதீர்கள். மாட்டுவதற்கு முன்னால் ஆயில் தடவி, பழைய ரிங்கின் துணுக்கு பள்ளத்தில் ஒட்டியிருந்தால் மூங்கில் குச்சியால் எடுங்கள். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் கோடு விழும்.